தபாலுக்கு மூன்று நாள்

டெல்மர் ஐசனுக்கு வாசலிலிருந்து தபால் பெட்டி வரை போய்வர நாலு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. போன வருடம் இரண்டு இடம். அதற்கு முந்தின வருடம் நிற்கவே இல்லை. வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்துக்கொண்டே திரும்பி வருவான். வெர்னா சமையலறை ஜன்னலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். பெண்டாட்டி என்பதால் மட்டும் எண்ணவில்லை. பத்தொன்பது வருடமாக அவளுக்கு அதுதான் உத்தியோகம்.

கரித்தூசி நோய்க்கு உதவித்தொகை கேட்டு சைஸ்மோர் வக்கீல் ஆபீசுக்கு வருகிற சுரங்கக்காரர்களிடம், டாக்டர் கேட்கிற மாதிரி எத்தனை அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று கேட்டுப் பார்க்கட்டும், ஒருத்தனும் உண்மையைச் சொல்ல மாட்டான். நல்லாத்தானே இருக்கேன் என்று நெஞ்சை நிமிர்த்துவான். வெர்னா அப்படிக் கேட்க மாட்டாள். "இப்ப கோழிக்குத் தீனி யாருங்க போடறா?" என்பாள். "சர்ச்சுல பாடறீங்களா, இல்ல வாயை மட்டும் அசைக்கிறீங்களா?" என்பாள். அங்கேதான் ஆள் தலையைக் குனிவான். அதை அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, எந்தெந்தச் சுரங்கம், எத்தனை வருடம், கூரை எவ்வளவு தாழ்வு, எந்த மேஸ்திரி என்று அடுக்கி, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விரட்டி வாங்கி, வக்கீலின் கையெழுத்துக்கு வைப்பாள். இந்த வேலைக்குப் பாராலீகல் என்று பேர். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வக்கீல் ஆபீஸ் வெர்னா, அவ்வளவுதான்.

ஜனவரி பதினோராம் தேதி, சனிக்கிழமை, டெல்மர் கொண்டுவந்த கவரை அவள் நின்றுகொண்டே பிரித்தாள். தொழிலாளர் இலாகாவின் எட்டாம் தேதியிட்ட கடிதம். டெல்மர் ஐசன் இருபத்தாறு வருடம் பூமிக்கடியில் கரி வெட்டியது உண்மை, அவருக்கு மூச்சு முட்டுவதும் உண்மை, ஆனால் அது கரித்தூசியால் வந்ததல்ல, சிகரெட்டால் வந்தது என்று சுரங்கக் கம்பெனி டாக்டர் சொன்னதை இலாகா ஏற்கிறது. ஆகவே மாதாமாத உதவித்தொகையும் ஆயுளுக்கு வைத்தியச் செலவும் கிடையாது. ஒப்புக்கொள்ளாவிட்டால் இந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் விசாரணை கேட்டு எழுத வேண்டும். எழுதாவிட்டால் இதுவே முடிவு.

"என்னவாம்?" என்றான் டெல்மர், நாற்காலியில் உட்கார்ந்து, ஆக்ஸிஜன் வருகிற மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டே.

"இல்லைன்னுட்டான்."

"சிகரெட்டா?"

"சிகரெட்."

"நான் அதை விட்டு இருபத்தி ரெண்டு வருஷமாச்சு. அந்த டாக்டர் அப்ப பள்ளிக்கூடத்துல இருந்திருப்பான்." சிரிக்கப் போய் இருமினான். இருமல் நிற்கும்வரை வெர்னா அடுப்பில் இருந்த மொச்சையைக் கிளறிக்கொண்டிருந்தாள். பன்றி எலும்பு போட்டு வெந்த மொச்சை, கூடச் சோள ரொட்டி; சனிக்கிழமை என்றால் அந்த வீட்டில் அதுதான்.

வாசனை பிடித்தமாதிரி பக்கத்து வீட்டு ஓமா உள்ளே வந்தாள். வெங்காயமும் முட்டைகோசும் போட்ட ஊறுகாய்ப் பாட்டில் ஒன்று கையில். சுரங்கக்காரப் புருஷன் செத்து ஆறு வருடமாகிறது. அப்போதிருந்து சனிக்கிழமை மதியம் ஓமாவுக்கு இங்கேதான் சாப்பாடு. மேசைமேல் விரித்திருந்த லேப்டாப்பையும் புத்தகக் கட்டையும் தள்ளிவிட்டுத் தட்டுக்கு இடம் பண்ணினாள்.

"இது இன்னும் முடியலையா? அம்பத்தோரு வயசுல பாடப்புத்தகம். அடுத்தது என்னடி, பூப்போட்ட ஸ்கூல் பையா?"

"அவளை விடு ஓமா," என்றான் டெல்மர். "போன கட்டுரைக்கு நூத்துக்குத் தொண்ணூத்தாறு. எனக்குப் படிச்சுக் காட்டினா. பாதியிலயே நல்லாத் தூக்கம் வந்துடுச்சு."

"இந்த மாஸ்டர் டிகிரி முடிச்சா வக்கீலாயிடுவியா நீ?"

"மாட்டேன்."

"சம்பளம்?"

"கொஞ்சம் ஏறும். பெருசா இல்ல."

"அப்புறம் எதுக்குடி இந்தத் தலைவலி? உனக்குத் தெரியாததை எவன் சொல்லித் தரப்போறான்?"

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. இதே கேள்வியை அவளே எத்தனை தடவை கேட்டுக்கொண்டிருக்கிறாள்! "என் பைலு என்கிட்டயே இருக்கணும்ல, அதுக்குத்தான்," என்றாள்.

விஷயம் அதுதான். சைஸ்மோர் கண் தெரியாமல் போய் ஆபீசை நகரத்து வக்கீல் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போனபோது, புது ஆட்கள் ஒரு சட்டம் போட்டார்கள். வழக்குக் கட்டைப் பொறுப்பாக வைத்துக்கொள்கிற பாராலீகலுக்கு மேல்படிப்பு வேண்டும். இல்லாதவர்கள் தலைமை ஆபீசில் இருக்கும் ஒருவருக்குக் கீழே வேலை பார்க்கலாம். அந்த ஒருவருக்கு வயது இருபத்தி நாலு. சுரங்கத்தைப் படத்தில் பார்த்திருப்பாள். வெர்னாவிடம் இருந்தது முப்பது வருடத்துக்கு முன்னால் உள்ளூர்க் கல்லூரியில் வாங்கின பி.ஏ. மட்டும். அவள் இரண்டு வருடப் படிப்பில் சேர்ந்தாள். பகலெல்லாம் ஆபீஸ், சாயங்காலம் பாடம், ஞாயிற்றுக்கிழமை கட்டுரை. மே மாதம் முடிந்துவிடும்.

படிப்பில் அவளுக்கு ஆசை வந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இத்தனை வருடம் கைப்பழக்கத்தில் செய்ததற்கெல்லாம் பெயர் இருப்பது தெரிந்தது. யாரென்றே தெரியாத பேராசிரியர் ஒருவர் 'மிகத் தெளிவு' என்று எழுதி அனுப்பினார். சைஸ்மோர் நல்ல மனிதர்தான், ஆனால் ஒருநாளும் அவர் அப்படிச் சொன்னதில்லை.

சைஸ்மோரின் வழக்கம் வேறு. இல்லை என்று கடிதம் வந்தால், வந்த அன்றைக்கே ஒரு வரி: 'ஒப்புக்கொள்ளவில்லை, விசாரணை வேண்டும்.' தபால்தலை ஒட்டின பிறகுதான் காப்பி குடிப்பார். டாக்டர் ரிப்போர்ட், வாக்குமூலம் எல்லாம் பின்னால் மாதக்கணக்கில் போகும். அதனால் அந்த ஆபீசில் யாரும் முப்பது நாளை எண்ணிப் பார்த்ததே கிடையாது. எண்ணுவதற்கு அவசியம் வந்ததில்லை.

இந்தத் தடவை வெர்னா அந்த ஒரு வரியை எழுதவில்லை.

தன் புருஷனின் வழக்கு. தான் படித்த படிப்பு. திங்கட்கிழமை தோறும் நகரத்திலிருந்து கையெழுத்துப் போட வருகிற கெண்டல் என்ற சின்ன வக்கீலம்மா பார்க்கப்போவது. மனு என்றால் இதுதான் மனு என்கிறமாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்தாள். பன்னிரண்டு பக்கம் எழுதினாள். கூட வைப்பதற்கு, கம்பெனிக்காரன் அல்லாத வெளி டாக்டர் ஒருவருக்கு டெல்மரின் எக்ஸ்ரேயை அனுப்பியிருந்தாள். அந்த ரிப்போர்ட் ஜனவரி கடைசியில் வருகிறேன் என்றது, வரவில்லை.

பிப்ரவரி மூன்றாம் தேதி கெண்டல் கேட்டாள். "கெடு என்னைக்கு வெர்னா?"

"வெள்ளிக்கிழமை ஏழாம் தேதி முப்பது நாள். நோட்டீஸ் தபால்ல வந்ததால மூணு நாள் கூடச் சேரும். பத்தாம் தேதி திங்கள்."

"ஆமால்ல, தபாலுக்கு மூணு நாள்," என்றாள் கெண்டல். கல்லூரியை விட்டு வந்து இரண்டு வருடந்தான் ஆகிறது. அவளுக்கும் அந்த விதி மனப்பாடம். "பத்தாம் தேதி நான் இங்கதான் இருப்பேன். ரிப்போர்ட்டோட சேர்த்தே கையெழுத்துப் போட்டுடறேன்."

வெர்னா தொண்ணூற்றாறு மார்க் வாங்கின கட்டுரையே அந்தக் கெடுக் கணக்கைப் பற்றித்தான்.

புதன்கிழமை மழை பிடித்தது. விழுந்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்தது. வியாழன் ராத்திரி மரக்கிளை முறிகிற சத்தம் மலை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை கரண்ட் இல்லை. ஆக்ஸிஜன் மெஷின் நின்றுபோய், டெல்மரைச் சிலிண்டருக்கு மாற்றி, கரியடுப்பு இருக்கும் முன்னறையில் உட்காரவைத்தாள். அவன் இருபத்தாறு வருடம் வெட்டின அதே கரிதான் அவனுக்குச் சூடு கொடுத்தது. அடுப்புத் தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், வேறு வழி?

மளிகைக் கடைக் காலண்டரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு முப்பதாம் நாளில்ல?"

"ஆமா."

"அனுப்பிட்டியா?"

"திங்கக்கிழமை. டாக்டர் ரிப்போர்ட் வரணும். அவங்க ஊர்லயும் பனி, ஆபீஸ் மூடிட்டாங்களாம்."

"ஓமாவோட ட்ரக் டயருக்குப் பனிச் சங்கிலி கட்டியிருக்கு. தபாலாபீஸ் திறந்திருக்குன்னு இப்பத்தான் சொல்லிட்டுப் போனா. ஒரு கடுதாசியை எழுதிக் குடு, அவ போட்டுட்டு வரட்டும்."

"சொன்னாக் கேளுய்யா. தபால்ல வந்த நோட்டீசுக்கு மூணு நாள் கூட உண்டு. சட்டம்."

"சைஸ்மோர் அப்படிச் சொன்னதில்லையே."

"சைஸ்மோர் படிச்சது எந்தக் காலத்துல? மனுவை அரைகுறையா அனுப்பி, இலாகாக்காரன் முதல் பக்கத்துலயே நம்மளைக் கிள்ளுக்கீரையா நெனைக்கணுமா? இதைச் சரியாச் செய்யணும் டெல்மர். உன் விஷயத்துலயாவது நான் ஒண்ணைச் சரியாச் செய்யணும்."

அவன் காலண்டரிலிருந்து கண்ணை எடுத்தான். "படிச்சவ சொன்னாச் சரி," என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. அந்தப் படிப்பில் வெர்னாவைவிட அவனுக்குத்தான் பெருமை. தபால் பெட்டியருகே நின்று மூச்சு வாங்கும்போதெல்லாம் போகிறவன் வருகிறவனிடம், என் வீட்டுக்காரி மாஸ்டர் டிகிரி பண்றா என்று சொல்லி வைத்திருந்தான்.

திங்கட்கிழமை ரிப்போர்ட் வந்தது. அருமையான ரிப்போர்ட். இரண்டு நுரையீரலிலும் கரித்தூசிக் கட்டிகள், இதற்கும் சிகரெட்டுக்கும் சம்பந்தமில்லை என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எழுதியிருந்தது. கெண்டல் கையெழுத்துப் போட்டாள். வெர்னா தானே தபாலாபீஸ் போய், முத்திரை விழுவதைப் பார்த்துவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் நிம்மதியாக இருந்தது. டெல்மருக்குப் பிடிக்குமே என்று ஆப்பிள் அடுக்கு கேக் செய்தாள்.

மார்ச் ஆறாம் தேதி, ஆபீஸ் தபாலைப் பிரிப்பதும் அவள் வேலைதான் என்பதால், அவளே பிரித்தாள்.

ஒரே பத்தி. விசாரணை கேட்ட கடிதம் முப்பது நாளுக்குள் அனுப்பப்படவில்லை. ஜனவரி எட்டாம் தேதி முடிவே இறுதி. கட்டு மூடப்பட்டது.

முதலில் அவளுக்குக் கோபந்தான் வந்தது. எவனோ எண்ணத் தெரியாதவன் என்று நினைத்தாள். இலாகாவின் விதிப்புத்தகத்தை எடுத்தாள். பத்தொன்பது வருடமாக அலமாரியில் இருக்கிற புத்தகம், முதுகில் ஒட்டுப்போட்டது. கடிதத்தின் தேதியிலிருந்து முப்பது நாள் என்றிருந்தது. அவ்வளவுதான் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தபாலுக்கு மூன்று நாள் கோர்ட்டுக்கு உண்டு. இந்த வழக்குகள் கோர்ட்டில் நடப்பவை அல்ல. இலாகா ஆபீசில் நடப்பவை. இங்கே அந்த மூன்று நாள் கிடையாது. எத்தனை அழகான ரிப்போர்ட்டாக இருந்தாலும் கிடையாது.

புத்தகத்தை மூடி வைத்தாள். அந்த வெள்ளிக்கிழமை, பனியில், ஓமாவின் ட்ரக் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் இப்போது காதில் கேட்டது.

போன் செய்ததும் கெண்டல் மூன்று மணிநேரம் கார் ஓட்டிக்கொண்டு அன்றைக்கே வந்துவிட்டாள். கடிதத்தைப் படித்தாள். முகம் சிவந்துபோயிற்று.

"நானும் அப்படித்தான் நெனச்சேன் வெர்னா. மூணு வருஷம் சட்டம் படிச்சிருக்கேன், எனக்கும் அதேதான் தோணுச்சு. ஒருதரம் புரட்டிப் பாத்திருக்கணும். கையெழுத்து என்னோடது. அப்படித்தான் தலைமை ஆபீசுக்கு எழுதப்போறேன்."

"அப்பீல்?"

"போடலாம். நிக்காது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"புதுசா மனு போடலாம். ஒரு வருஷம் கழிச்சு. உடம்பு இன்னும் மோசமாயிருக்குன்னு காட்டினா…" அவள் சொல்லிக்கொண்டே வந்து நிறுத்தினாள். "மன்னிச்சிடுங்க."

"இதுல மன்னிக்க என்ன இருக்கு. சட்டம் அதுதானே. மோசமாகணும். அப்பத்தான் எடுப்பான்."

கெண்டல் பையைத் திறந்து வேறொரு தாளை எடுத்தாள். கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்தாள். "இதை இப்பக் குடுக்கறது எனக்கே நல்லாயில்ல. ஆனா வந்திருக்கு. படிப்பு முடியப்போறதால ஜூன்லேருந்து இந்த ஆபீஸ்ல எல்லா வழக்குக்கும் நீங்கதான் பொறுப்பு."

வெர்னா அதை வாங்கி இழுப்பறையில் போட்டாள். பிறகு டைப் செய்ய உட்கார்ந்தாள். வழக்கு மூடப்பட்டால் கட்சிக்காரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதை எழுதுவது பாராலீகல். மதிப்பிற்குரிய திரு. ஐசன் அவர்களுக்கு என்று ஆரம்பித்தாள். இப்படி எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறாள். மன வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்ற வரி கம்ப்யூட்டரில் ஏற்கெனவே அடித்தே இருந்தது.

அதைத் தபாலில் போட அவளுக்கு மனசு வரவில்லை. நாலு மணிக்கு வீட்டுக்குப் போய் அவன் கையில் கொடுத்தாள்.

டெல்மர் படித்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தான்.

"மதிப்பிற்குரியவனா நானு? இருபத்தெட்டு வருஷத்துல நீ என்னை இப்படிக் கூப்பிட்டதே இல்லையே."

"டெல்மர்."

"அந்த மூணு நாள் இல்லவே இல்லையா?"

"இல்ல. நமக்கு இல்ல." அவள் தரையில் அவன் காலருகே உட்கார்ந்துவிட்டாள். "ஒரு வரி எழுதியிருந்தாப் போதும். ஒரே ஒரு வரி. சைஸ்மோர் இருந்திருந்தா நான் வாயைத் திறக்கறதுக்குள்ள போட்டிருப்பாரு. முந்நூறு பேருக்கு எழுதிக் குடுத்த கை இது, உனக்கு எழுதலை. உன்கிட்ட மேதாவித்தனம் காட்டினேன். நீ அனுப்புன்னியே, நான் கேக்கலையே."

பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. மெஷின் மட்டும் புஸ் புஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது. கோபத்தில் அவனுக்குத் தாடை இறுகுவதை அவள் பார்த்தாள். கத்தினால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள். கத்துவதற்கு அவனிடம் மூச்சு இல்லை.

"படிப்பை விட்டுடறேன்," என்றாள்.

"விட்டு?"

"வேணாம் எனக்கு. என்ன கிழிச்சேன் அதைப் படிச்சு?"

"வாயை மூடு." இருமினான். இருமி, காகிதத்தில் துப்பி, மடித்தான். "என்னைக் குடுத்து வாங்கியிருக்க அதை. பாதியில தூக்கிப் போடுவியா? முடி. இந்த மலையில இன்னும் எத்தனை பய மூச்சு முட்டிக் கெடக்கான், அவனுக்காவது முப்பது நாளை எண்ணு."

அவள் அழுதாள். அவன் கை அவள் தலைமேல் வரவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தது. பிறகு கேட்டான்.

"அடுத்த வருஷம் வரைக்கும் நான் இருப்பேனா?"

மற்ற பெண்டாட்டிகளாக இருந்தால், ஏன் இருக்க மாட்டே என்று சொல்லியிருப்பார்கள். அவனுடைய ரத்தப் பரிசோதனை எண்கள் அவளுக்குத் தெரியும். போன மூன்று பரிசோதனையும் வரிசையாகத் தெரியும்.

"சரி," என்றான் டெல்மர். "நான் போனப்புறம் பொண்டாட்டி கேக்கலாம்ல? அது வேற மனுதானே?"

"வேற மனு."

"ஓமா அப்படித்தானே வாங்கினா?"

"ஆமா."

"அப்ப அந்தத் தாளை எடுத்துட்டு வா. எல்லாரும் உன்கிட்ட கையெழுத்துப் போடறாங்களே, அது."

எந்தத் தாள் என்று அவள் கேட்கவில்லை. அந்தப் பக்கத்துச் சுரங்கக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் தெரிந்த தாள். உயிரோடிருக்கையில் எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டருக்கு டாக்டர் சண்டை போடலாம். செத்தபிறகு நுரையீரலை வெட்டியெடுத்துக் பூதக்கண்ணாடிக்கடியில் வைத்துவிட்டால் சண்டை கிடையாது. அதற்குச் சம்மதம் கொடுக்கிற தாள் அது. வெர்னாவின் பையில் எப்போதும் நாலைந்து இருக்கும்.

சாட்சிக்குப் பெண்டாட்டி ஆகாது. அவள் போய் ஓமாவைக் கூட்டிவந்தாள். ஓமா தாளைப் பார்த்ததும் கேலி ஒன்றும் பேசாமல் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வெர்னா வழக்கம்போல ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். படிக்காமல் கையெழுத்து வாங்குவது தப்பு. டெல்மர் முழுப் பெயரையும் மெதுவாக எழுதினான். ஓமா அதற்குக் கீழே எழுதினாள்.

பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டு, டெல்மர் எல்லாச் சுரங்கக்காரனும் கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

"அறுத்தப்புறம் சவப்பெட்டியைத் திறந்து வைக்கலாமா? ஜனங்க வந்து மூஞ்சியைப் பாக்கலாமா?"

அதற்குப் பத்தொன்பது வருடமாக அவளிடம் ஒரே பதில்தான். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"தாராளமா வைக்கலாம்ங்க. எல்லாம் சட்டைக்குள்ள போயிடும், வெளிய ஒண்ணுமே தெரியாது."